கல்லாவில் எவ்வளவு வைப்பது?

(நிரலெழுதப் புதிதாகக் கற்போருக்காகப் போர்ட் கிள்ளானில் ஆற்றப்பட்ட உரையின் அச்சு வடிவம்)



'கேஷ்' என்று தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கல்லாப்பெட்டியில் கிடக்கும் காசுக்கும் அதே எழுத்து. கணினிக்காரர்கள் நாள் முழுக்கப் பேசும் தற்காலிக நினைவகத்துக்கும் அதே எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பின்னது, ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. 1968இல் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியைப் பற்றிய கட்டுரைகளோடு அச்சேறிப் பரவியது. தமிழில் நேர்ந்த இந்தக் குழப்பத்தை யாரும் திருத்த வேண்டாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

கடைக்காரரின் பணம் வங்கியில் இருக்கிறது. கல்லாவில் சில்லறை இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மீதிச் சில்லறை கொடுக்க வங்கிக்கு ஓடினால் கடை நடக்காது. மொத்தப் பணத்தையும் கல்லாவிலேயே வைத்திருந்தால் ஒருநாள் கடையே இருக்காது. கல்லாவில் எவ்வளவு வைப்பது, எப்போது எடுத்துவிடுவது, கல்லா காலியானால் வங்கியில் எத்தனை பேர் போய் நிற்பார்கள்? ரெடிஸ் போன்ற நினைவகத் தரவுத்தளத்தைக் கற்கத் தொடங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை இந்த மூன்றுதான். கட்டளைகளை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். இந்த மூன்றுக்கும் விடை தேடச் சில ஆண்டுகள் ஆகும்.

போர்ட் கிள்ளானில் பேசுவதால் உதாரணத்தையும் இந்தத் துறைமுகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 20 அடிப் பெட்டிக் கணக்கில் 2024இல் இத்துறைமுகம் கையாண்டது ஏறத்தாழ 1 கோடியே 46 லட்சம் கொள்கலன்கள். ஒவ்வொரு பெட்டியைப் பற்றியும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சரக்கை எடுக்க வேண்டிய ஏஜென்ட் கேட்கிறார். லாரிக்காரர் கேட்கிறார். ஷா ஆலாமில் இருக்கும் இறக்குமதியாளர் கேட்கிறார். கேள்வி ஒன்றுதான்: பெட்டி எங்கே? பதில் கடந்த பத்து நிமிடங்களில் மாறியிருக்காது. இருந்தும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் கப்பல் அட்டவணையைப் புரட்டி, யார்டு அட்டவணையோடு சேர்த்து, தேதி வாரியாக அடுக்கி, முதலிலிருந்து பதிலைச் செய்து கொடுக்கிறது. பயிற்சிக்காக ஒரு மாணவி இப்படி ஒரு பக்கத்தை எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேகக் கணக்கு. கணினியின் நினைவகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. மனிதக் கணக்குக்குக் கொண்டுவர அதை 1 விநாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி வட்டிலிருந்து படிக்க ஏறத்தாழ 17 நிமிடம். பழைய சுழலும் வட்டு என்றால் ஒரு நாளுக்கும் மேல். இந்தக் கணக்கைச் சொல்லும்போது பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ரெடிஸ் பெரும்பாலும் வேறொரு கணினியில் ஓடும். அதே தரவு மையத்துக்குள் போய்வரவே அரை மில்லி விநாடி ஆகலாம். நம் கணக்கில் அது 1 மணி 23 நிமிடம். ஆகவே மிச்சமாவது வட்டின் நேரம் மட்டும் என்று எண்ணக் கூடாது. புரட்டுவது, சேர்ப்பது, அடுக்குவது என்று தரவுத்தளம் படும் பாடுதான் உண்மையில் மிச்சமாகிறது. நூறு பெட்டிகளின் நிலையை நூறு தடவை தனித்தனியாக ரெடிஸிடம் கேட்கும் நிரல் ஏன் மந்தமாக இருக்கிறது என்பதும் இங்கே விளங்கும். நூறு பயணம்! 'எம்கெட்' கட்டளையால் ஒரே பயணத்தில் நூறையும் வாங்கி வரலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கேஷ் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு ஆகாது. பல தொடக்கநிலைப் பக்கங்களுக்கு ரெடிஸே தேவையில்லை. கொள்கலன் எண் நெடுவரிசைக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டாலே இரண்டு விநாடி எடுத்த தேடல் சில மில்லி விநாடியில் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் கேஷ் வைப்பது ஒழுகும் குழாயின் கீழ் வாளி வைப்பது போல.

இண்டெக்ஸ் போட்டாயிற்று, அளந்தும் பார்த்தாயிற்று, இன்னும் சுமை குறையவில்லை என்றால்தான் ரெடிஸ்.

ரெடிஸும் அப்படி ஒரு முட்டுச்சந்தில்தான் பிறந்தது. இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வடோர் சான்ஃபிலிப்போ, இணையதளங்களுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதை உடனுக்குடன் காட்டும் சேவை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருகையையும் ஒரு பட்டியலின் தலையில் சேர்க்க வேண்டும், வாலில் பழையதைத் தள்ளிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அதற்கே திணறியது. பட்டியல்களை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் சிறு நிரலை முதலில் டிசிஎல் மொழியில் எழுதிப் பார்த்து, பிறகு சி மொழியில் முழுதாக எழுதினார், 2009இல் வெளியிட்டார். அவருக்கு ஆறு ஆண்டு முன்பே, 2003இல், லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேஷ்ட் என்னும் நிரலை உருவாக்கியிருந்தார். மெம்கேஷ்ட் வெறும் சாவி, வெறும் மதிப்பு. ரெடிஸில் பட்டியல், கணம், வரிசைப்படுத்திய கணம் எல்லாம் உண்டு. மூல ஆசிரியரின் தேவையே பட்டியலாக இருந்ததன் விளைவு அது.

துறைமுகத்தில் நின்று சொல்ல ஏற்ற செய்தி ஒன்று: கணினிக்கும் போர்ட் எண் உண்டு. ரெடிஸின் எண் 6379. பழைய கைப்பேசியின் விசைகளில் எம், இ, ஆர், இசட் எழுத்துகள் இருக்கும் எண்கள் அவை. இத்தாலியத் தொலைக்காட்சியில் தோன்றிய அலெசியா மெர்ஸின் பெயரை வைத்து சான்ஃபிலிப்போவின் நண்பர் வட்டத்தில் ஓடிய கேலி, உலகெங்கும் உள்ள சேவையகங்களில் வாயில் எண்ணாக நிலைத்துவிட்டது.

இனி மாணவியின் நிரல். பெட்டியின் நிலையை யாரோ கேட்கிறார்கள். நிரல் முதலில் ரெடிஸிடம் 'கெட்' என்று கேட்கிறது. இருந்தால் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் தரவுத்தளத்திடம் போய், பதிலை வாங்கி, 'செட்' என்று ரெடிஸில் ஒரு நகல் வைத்துவிட்டு, கேட்டவருக்குக் கொடுக்கிறது. உலகின் பெரும்பாலான கேஷ்கள் நடப்பது இப்படித்தான். ஐந்தாறு வரி நிரல். ஓட்டிப் பார்த்தால் பக்கம் பறக்கும். மாணவிக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில்தான் அவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: அந்த நகல் எப்போது சாக வேண்டும் என்று எழுத.

இந்த ஊரின் பெயரையே பாருங்கள். 1901இல் திறக்கப்பட்டபோது இது போர்ட் சுவெட்டன்ஹம். ஆங்கிலேய ஆட்சியாளர் ஃபிராங்க் சுவெட்டன்ஹம் பெயரில் அமைந்தது. 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. அரசாங்க ஏட்டில் பெயர் அன்றே மாறிவிட்டது. பழைய பெரியவர்களின் வாயில் உடனே மாறவில்லை. அவர்களிடம் இருந்தது நகல். அதற்குக் காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. அசல் மாறிவிட்டது என்று வந்து சொல்லி அழித்துவிட்டுப் போகவும் யாரும் இல்லை. மனிதர்களிடம் இது அழகு. சரக்கு எடுக்க வரும் லாரிக்காரரிடம் நேற்றைய நிலையைக் காட்டினால் அழகாக இருக்காது.

பழைய நகலை ஒழிக்க வழிகள் இரண்டு. ஒன்று காலக்கெடு. 'செட்' சொல்லும்போதே 'இஎக்ஸ் 300' என்று சேர்த்தால் 300 விநாடிக்குப் பின் அந்த நகல் தானாகப் போய்விடும். மற்றது, அசலை மாற்றும்போது நகலை அழிப்பது: தரவுத்தளத்தில் புதிய நிலையை எழுதிய கையோடு 'டெல்' சொல்வது. நகலையும் திருத்திவிட்டால் என்ன என்று தோன்றும். இரண்டு பேர் ஒரே நொடியில் திருத்தினால், தரவுத்தளத்தில் பிந்தியவரின் பதிலும் ரெடிஸில் முந்தியவரின் பதிலும் தங்கிவிடக் கூடும். அழித்துவிட்டால் அடுத்து கேட்பவர் அசலிடமே போவார். அழிக்கும் கட்டளை வழியில் தொலைந்து போகவும் வாய்ப்பு உண்டு என்பதால், அனுபவசாலிகள் அழிப்பதோடு நிற்காமல் காலக்கெடுவும் வைப்பார்கள்.

காலக்கெடு எவ்வளவு என்பது கணினிக் கேள்வியே அல்ல. தொழில் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது. கப்பல் வரும் நேரம் ஐந்து நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. துறைமுகங்களின் பெயர்ப் பட்டியலை ஒரு நாள் வைத்திருக்கலாம். சுங்கத்துறை பெட்டியை விடுவித்துவிட்டதா என்பதை ஐந்து நிமிடம் வைத்திருக்கலாமா? லாரி வாயிலில் நிற்கிறது, திரை 'இல்லை' என்கிறது, உள்ளே ஏட்டில் 'ஆம்' என்று இருக்கிறது. பெட்டியை உரிய நாளுக்குள் எடுக்காவிட்டால் கட்டணம் ஏறும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கும் ரிங்கிட்டில் விலை உண்டு.

எதை நகலெடுக்கவே கூடாது என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத உதாரணம் இருக்கிறது. 2021 மே 2ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்கு அஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்கான 268,600 இடங்கள் இணையத்தில் திறந்துவிடப்பட்டன. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தீர்ந்தன. அடுத்த சுற்று மே 26ஆம் தேதி நண்பகலில். அன்று பலருக்குத் திரையில் வந்தது பிழைச் செய்திதான். அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு வீடு நான்கு கைப்பேசிகளை வைத்துக்கொண்டு விரலால் திரையை இழுத்து இழுத்துப் புதுப்பித்த அந்த நண்பகலை மறந்தவர் இந்த அவையில் இருக்க முடியாது.

அத்தகைய பக்கம் ஒன்றை எழுதுகிறவர் எதை நகலாக வைக்கலாம்? ஊசி போடும் மையங்களின் பெயர், முகவரி, படிவத்தின் தோற்றம் ஆகியவற்றைத் தாராளமாக வைக்கலாம். வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி அவற்றைப் பார்க்கத்தான் வரும். 'மீதி 1 இடம்' என்பதை நகலாக வைத்தால் அந்த ஓர் இடம் நூறு பேருக்குத் தெரியும். எண்ணிக்கையை ரெடிஸிலேயே நடத்த வேண்டுமென்றால் நகலாக வைக்காமல், 'டெக்ர்' கட்டளையால் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ரெடிஸ் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றும். இருவர் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒருவருக்கு 0, மற்றவருக்கு −1 என்று பதில் வரும். −1 வந்தவருக்கு இடமில்லை.

இந்தியாவுக்குப் போய்வருபவர்களுக்கு, கடைசி நேர ரயில் பயணத்துக்கான தத்கால் டிக்கெட்டின் அவதி தெரியும். குறிப்பிட்ட மணி அடித்ததும் நாடே ஒரு தளத்தின் கதவைத் தட்டும். இந்திய ரயில் டிக்கெட்டுகளை விற்கும் ஐஆர்சிடிசி தளத்தால் 2014க்கு முன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டுதான் பதிவு செய்ய முடிந்தது. அந்த ஆண்டு வந்த புதிய அமைப்பு, ஜெம்ஃபயர் என்னும் நினைவகத் தரவு அடுக்கைப் பயன்படுத்தி, நிமிடத்துக்கு 7,200 என்னும் திறனை எட்டியது. ஒரே நேரத்தில் தளத்துக்குள் இருக்கக்கூடியவர் 40,000இலிருந்து 120,000 ஆனார்கள். இருக்கையை ஒதுக்கும் கடைசி வேலை மட்டும் ரயில்வேயின் பழைய முன்பதிவு அமைப்பிடமே இருந்தது. அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கோடிக்கணக்கானவர்களின் கேள்விகளை நினைவகம் தாங்கியது. யாருக்கு எந்தப் படுக்கை என்ற ஏடு வங்கியில்தான் இருந்தது, கல்லாவுக்கு வரவில்லை.

அடுத்தது, கல்லா காலியாகும் நாள். நூறு கேள்விகளில் 99க்கு ரெடிஸே பதில் சொல்கிறது என்றால் தரவுத்தளத்துக்குப் போவது ஒன்றே ஒன்று. அந்த 99 என்பது 98 ஆனால் பார்வைக்கு ஒரு விழுக்காடுதான்; தரவுத்தளத்தின் சுமையோ இரண்டு மடங்கு. ரெடிஸ் நின்றே போனால் நூறு மடங்கு. கேஷ் நன்றாக வேலை செய்யச் செய்ய, அதன் பின்னால் இருக்கும் தரவுத்தளம் உடற்பயிற்சி இல்லாத ஆளாகிவிடுகிறது.

2010 செப்டம்பர் 23ஆம் தேதி ஃபேஸ்புக் இரண்டரை மணி நேரம் முடங்கியது. அந்த நிறுவனமே பிறகு காரணத்தை விளக்கமாக எழுதியது. அவர்களுடைய அமைப்புக் குறிப்புகள் கேஷில் நகலாக இருந்தன. நகல் தவறாகத் தெரிந்தால் அசலிடம் போய்ச் சரியானதை எடுத்துவர ஒரு தானியங்கி ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடுதான். அன்று அசலிலேயே தவறான மதிப்பை எழுதிவிட்டார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் தவறைக் கண்டன. சரிசெய்ய அசலிடம் ஓடின. விநாடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள். தரவுத்தளம் திணறிப் பிழை சொன்னது. பிழை வந்ததும், நகல்தான் தவறு என்று எண்ணி அதையும் அழித்தன. அழித்ததால் இன்னும் அதிகக் கேள்விகள். மூலத் தவறைத் திருத்திய பிறகும் வெள்ளம் வடியவில்லை. கடைசியில் தளத்தையே மூடி, தரவுத்தளம் மூச்சுவிட்ட பிறகு பயனர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். தொடக்கநிலை நிரல்களில் இதே விதை கிடக்கிறது: தரவுத்தளம் பிழை சொன்னால் என்ன செய்வது என்ற வரியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

இதன் சிறிய வடிவம் எந்த ஊரிலும் நடக்கும். கப்பல் அட்டவணையின் நகல் காலை 9 மணிக்குக் காலாவதியாகிறது. 9 மணிக்கே ஐந்நூறு பேர் கேட்கிறார்கள். ஐந்நூறு பேரும் தரவுத்தளத்துக்குப் போகிறார்கள். ராஜேஷ் நிஷ்டலாவும் அவருடைய ஃபேஸ்புக் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு டோக்கன் முறை இருக்கிறது. நகல் இல்லையென்றால் முதலில் வந்தவருக்கு டோக்கன்; அவர் மட்டும் அசலிடம் போவார்; மற்றவர்கள் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்பார்கள். ஒரு சாவிக்கு 10 விநாடிக்கு ஒரு டோக்கன்தான். சிக்கலான சாவிகளில் இதைச் சோதித்தபோது, விநாடிக்கு 17,000 வரை ஏறிய தரவுத்தளக் கேள்விகள் 1,300க்கு இறங்கின. கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. ரெடிஸில் 'செட்' கட்டளையோடு 'என்எக்ஸ்' சேர்த்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இல்லாதபோது மட்டுமே எழுதும். டோக்கன் கொடுக்க அதுவும் ஒரு காலக்கெடுவும் போதும். காலக்கெடுவைச் சரியாக 300 என்று வைக்காமல் 300ஐ ஒட்டிக் கொஞ்சம் முன்பின்னாக வைத்தால் எல்லா நகல்களும் ஒரே மணிக்குச் சாகவும் மாட்டா.

இல்லாத பெட்டியைக் கேட்டால்? தவறாகத் தட்டிய எண் ரெடிஸில் ஒருநாளும் இருக்காது. ஒவ்வொரு முறையும் கேள்வி தரவுத்தளம் வரை போய் வெறுங்கையோடு திரும்பும். 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதிலையே சில விநாடி நகலாக வைப்பது பொதுவான வைத்தியம். கொள்கலனுக்கு அதைவிட நல்ல மருந்து அதன் எண்ணிலேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ 6346 தரப்படி ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கணக்கை நிரலிலேயே போட்டுவிட்டால், கை தவறித் தட்டிய எண்களில் பெரும்பாலானவை வாயிலிலேயே திரும்பிவிடும். கேஷ் பற்றிய சிக்கலுக்கு விடை கேஷுக்கு வெளியே கிடைப்பது உண்டு.

நினைவகம் விலை அதிகம் என்பதையும் புதியவர்கள் எளிதில் மறக்கிறார்கள். 2011இல் இன்ஸ்டகிராம் 30 கோடிப் படங்களில் எது யாருடையது என்ற குறிப்பை ரெடிஸில் வைக்க ஏறத்தாழ 21 ஜிபி தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஆயிரம் ஆயிரமாகக் கட்டி 'ஹேஷ்' வடிவில் வைத்தால் 5 ஜிபியில் அடங்கும் என்று தெரிந்தது. 64 பிட் கணினியில் ரெடிஸுக்கு இயல்பாக எந்த வரம்பும் கிடையாது, வைத்துக்கொண்டே போகும். 'மேக்ஸ்மெமரி' என்ற அமைப்பில் வரம்பைச் சொல்ல வேண்டும். வரம்பு மட்டும் சொன்னால் நிறைந்த பிறகு எழுத மறுத்துவிடும். 'ஆல்கீஸ்-எல்ஆர்யு' என்றும் சொன்னால், நெடுநேரம் யாரும் தொடாததைத் தள்ளிவிட்டுப் புதியதற்கு இடம் தரும். அதற்காக எல்லாவற்றையும் தேடிக்கொண்டிராது. ஐந்து சாவிகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து அவற்றில் பழையதைத் தள்ளும். இந்தச் சோம்பேறித்தனம் நடைமுறையில் நன்றாகவே வேலை செய்கிறது.

சில சிறிய செய்திகள். 6379 வாயிலைக் கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. அப்படித் திறந்திருக்கும் ரெடிஸ்களைத் தேடித் திரியும் நிரல்கள் உண்டு. 2016இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து ரெடிஸே ஓரளவு தற்காத்துக்கொள்கிறது. அதை அணைத்துவிட்டுத் தலைவலி வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர் டபிள்யூஎஸ்எல் அல்லது டாக்கர் வழியாக ஓட்டிக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் உரிமத்தை மாற்றியபோது, லினக்ஸ் அறக்கட்டளையின் குடையின் கீழ் வால்கீ என்ற கிளை பிரிந்தது. புதிதாகக் கற்பவருக்கு எதுவானாலும் சரி. இங்கே சொன்ன கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. உண்மையான சேவையகத்தில் 'கீஸ் *' என்று மட்டும் தட்ட வேண்டாம்; லட்சக்கணக்கான சாவிகளை அது பட்டியலிட்டு முடிக்கும்வரை மற்ற எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். 'ஸ்கேன்' இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் ரெடிஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்து பாருங்கள். 'இன்ஃபோ ஸ்டாட்ஸ்' என்று தட்டி, கிடைத்த கேள்விகள் எத்தனை, தவறியவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் நிரல் வைத்த ஏதாவது ஒரு சாவியின் பெயரைச் சொல்லி 'டிடிஎல்' என்று கேளுங்கள். நேர் எண் வந்தால் அந்த நகல் சாக அத்தனை விநாடி இருக்கிறது. −2 வந்தால் அது ஏற்கெனவே போய்விட்டது. −1 வந்தால் அதற்குக் காலக்கெடு எழுத மறந்துவிட்டீர்கள்.